டொக்டர் ஐயா வந்தார்

தோட்டப் பக்கங்களில் ‘டொக்டர்’ என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் உதவி வைத்தியரும் டொக்டர் ஐயாதான். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சனங்கள் மரியாதைக்காகச் சொல்கிறார்கள். அந்த மரியாதைக்குள்தான் கள்ளன் நுழைகிறான்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வாப்பாவின் துணிக்கடைக்கு வரும் ஓர் அம்மா சொன்ன கதை இது. கழுத்தில் குழாயும் கையில் பையுமாக லயத்துக்கு ஒருவன் வந்தானாம். பிரஷர் பார்த்தான், விரலில் குத்திச் சீனி பார்த்தான். “ஆஸ்பத்திரி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிப்பாட்டுங்கம்மா” என்று சொல்லி, பெயர் ஒட்டாத போத்தலில் வேறு மாத்திரை விற்றான். மூன்று கிழமையில் அந்த அம்மா கொழுந்து மலையிலேயே மயங்கி விழுந்தார். பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. பறிபோன காசை விட, நல்ல மருந்தை நிறுத்த வைத்ததுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர் ஆங்கில வைத்தியம் செய்ய முடியாது. நாட்டு வைத்தியருக்கும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தில் தனிப் பதிவு உண்டு. பொலிஸ் என்று சொல்லி மிரட்டுபவனுக்கு இன்னும் பழைய சட்டம், 1883இன் தண்டனைச் சட்டக் கோவை. அரச உத்தியோகத்தராக நடித்து அந்தப் பதவியின் பெயரால் ஏதும் செய்தால் குற்றம். நம்ப வைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவதே குற்றம். (கல்லூரி நாடகத்தில் காக்கி போட்ட தோழிகள் பயப்பட வேண்டாம். பார்த்தவர் யாரும் நம்பவில்லை, நடிப்பு அப்படி!)

மருத்துவ சபையின் இணையத்தளத்தில் வைத்தியரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார்.

“டொக்டர்கிட்டயே நீங்க டொக்டரான்னு எப்படிம்மா கேக்கிறது? வாய் வருமா?”

பொலிஸுக்கும் அவர் போகவில்லை. போனால் ஒரு நாள் பேர் விழாது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உரிமை இருக்கிறதுதான். தமிழில் எழுதும் உத்தியோகத்தர் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டுமே. அந்த ஆள் இப்போது வேறொரு தோட்டத்தில் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பான்.