கேப் காட் கால்வாயில் தூண்டில் வரிசை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் தீபகற்பத்தை நிலப்பரப்பிலிருந்து துண்டிக்கும் கேப் காட் கால்வாய், கப்பல்கள் ஆபத்தான மணல்திட்டுகளைச் சுற்றிப் போகாமல் குறுக்கே கடப்பதற்காக வெட்டப்பட்டது. ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற செல்வந்தர் 1914 ஜூலையில் சுங்கம் வசூலிக்கும் தனியார் நீர்வழியாக இதைத் திறந்துவைத்தார். அகலமும் ஆழமும் போதாமல் விபத்துகள் பெருகவே, 1928இல் அது மத்திய அரசின் கைக்கு வந்து, ராணுவப் பொறியாளர் படையால் 480 அடி அகலமும் 32 அடி ஆழமும் கொண்டதாக விரிவாக்கப்பட்டது. கடலோரத் தூண்டில்காரர்களுக்கு இக்கால்வாய் முக்கியமாவதற்குக் காரணம் வேறு. இதன் நீர்ப்பரப்பில் படகிலிருந்து மீன்பிடிக்கத் தடை உள்ளதால், நிலத்தை வெட்டிச் செல்லும் ஏறத்தாழ ஏழு மைல் நீளமும் கரையில் நிற்பவர்களுக்கே உரியதாகிறது. இரு கரைகளையும் ஒட்டி ஓடும் பராமரிப்புச் சாலையில் பொதுமக்களின் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால், தூண்டில்காரர்கள் பிளாஸ்டிக் குழாய்களைப் பின்னால் கட்டி, அவற்றில் கோல்களைச் செருகிய மிதிவண்டிகளில்தான் தங்கள் இடத்தைத் தேடிப் போகிறார்கள். சாலையோரத்து விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் இங்கே பின்னுக்குப் போய், எந்த எண் கம்பத்தடியில் மீன் கடித்தது என்பதே முகவரியாகிவிடுகிறது.

இங்கு நடப்பது அனைத்தையும் தீர்மானிப்பது நீரோட்டம். கால்வாயின் கிழக்கு முனையில் உள்ள கேப் காட் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சராசரியாக ஒன்பது அடியை ஒட்டி இருக்க, மேற்கு முனையில் உள்ள பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவில் அது நான்கு அடி அளவிலேயே நிற்கிறது. இரண்டு இடங்களிலும் நீர் உச்சத்தைத் தொடும் நேரமும் ஏறத்தாழ மூன்று மணி வேறுபடுகிறது. ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் மாறி மாறி அமையும் இந்த நிலையால், குறுகிய கால்வாய்க்குள் தண்ணீர் ஆறு மணி நேரம் கிழக்கு நோக்கியும், அடுத்த ஆறு மணி நேரம் மேற்கு நோக்கியும் பாய்கிறது; அதன் வேகம் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வரை எட்டும்போது, விரைந்து நடப்பவரையும் அது முந்திச் செல்லும். அந்த வேகத்தில் சிறு மீன்களும் கணவாய்களும் நிலைகொள்ள முடியாமல் அடித்துச் செல்லப்படுவதால், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் கூடுகின்றன. பெரிய மீன்களைத் தேடி மனிதர்கள் கூடுகிறார்கள்.

அந்தப் பெரிய மீன்களில் தலையானது ஸ்ட்ரைப்டு பாஸ். உடலமைப்பில் நம் கொடுவாயை நினைவூட்டும் இம்மீனின் வெள்ளி நிறப் பக்கங்களில் ஏழெட்டுக் கரிய கோடுகள் செவுளிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓடுகின்றன. முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியதும் ஐம்பது பவுண்டுக்கு மேல் வளரக்கூடியதுமான இது, வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும் ஹட்சன், டெலாவேர் ஆறுகளிலும் நன்னீருக்குள் ஏறி முட்டையிட்டபின், கோடைக்காக வடக்கே நகர்ந்து மே மாதத்தில் கால்வாயை வந்தடைகிறது. அக்டோபரில் குளிர் இறங்கத் தொடங்கியதும் தெற்கே திரும்பிவிடுகிறது. இந்தச் சில மாதங்களுக்காகவே ஆண்டு முழுவதும் கோல்களைத் துடைத்து வைத்துக் காத்திருப்பவர்கள் பலர்.

கால்வாயின் கரை மணற்கரை அன்று. மண் அரிக்காமல் இருக்கப் பெரும் பாறைத் துண்டுகளைச் சாய்வாக அடுக்கியிருக்கிறார்கள். ஓதம் வற்றும்போது வெளிப்படும் கீழ்வரிசைக் கற்களில் பாசி படர்ந்திருப்பதால், சாதாரணக் காலணியோடு அங்கே இறங்குவது எலும்பு முறிவுக்கு வழி. அடிப்பாகத்தில் கூரிய உலோக ஆணிகள் பொருத்திய காலணிகளை அணிந்து, ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்து இறங்குவதே இங்கு முதற்பாடம். புதியவர் ஒருவர் வெறும் ரப்பர் காலணியோடு நீர்விளிம்புக்கு இறங்க முற்பட்டால், முன்பின் அறியாத யாரேனும் ஒருவர் மேலிருந்து குரல் கொடுத்துத் தடுப்பது இக்கரையின் வழக்கம். ஒருவர் தவறி விழுந்தால் அந்த வேகத்தில் தண்ணீர் எங்கே கொண்டுபோகும் என்பது நிற்பவர் அனைவருக்கும் தெரியும். இக்கரையின் தோழமையைக் குணநலனாக மட்டும் பேசுவது பாதி உண்மையே. அதை முதலில் கட்டாயமாக்குவது அந்தத் தண்ணீர்தான்.

அந்தத் தோழமை மிகத் தெளிவாக வெளிப்படுவது வீசும் முறையில். மீன் கூடியிருக்கும் விடியற்காலையில் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து பேர், ஓரிரு கோல் நீள இடைவெளியில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் வீசும் ஈயத்தலைத் தூண்டில், அதாவது முள்ளின் கழுத்தில் நூறு கிராமுக்கு மேற்பட்ட ஈயத்தை வார்த்து, மான்வால் மயிரையோ ரப்பர் மீனையோ மாட்டிய செயற்கை இரை, நீரில் விழுந்த கணத்திலிருந்தே நீரோட்டத்தோடு நகரத் தொடங்குகிறது. அது அடியைத் தொட்டுத் துள்ளித் துள்ளிச் செல்வதைக் கோலின் நுனி வழியே கையால் உணர்ந்து, வளைவின் கடைசியில் சுற்றி எடுக்க வேண்டும். நீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று கொண்டால், இடப்பக்கம் நிற்பவர் முதலில் வீசிவிட்டால் அவருடைய நூல் வலப்பக்கத்தவரின் முன்னால் போய் நிற்கும். வலப்பக்கத்தவர் அதன்மேல் வீச, இரண்டும் சிக்கிக்கொள்ளும். ஆகவே நீர் போகும் திசையின் கடைக்கோடியில் நிற்பவர் முதலில் வீச, அவருக்கு அடுத்தவர் அதன்பின் வீச, இப்படியே வரிசையாக மேல்நோக்கி முறை வருகிறது. எல்லா நூல்களும் இணைகோடுகளாக ஒரே வேகத்தில் நகர்ந்து, அதே ஒழுங்கில் திரும்புகின்றன. யாரும் அறிவிப்பதில்லை, யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. முதல்முறை வருபவரும் இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டால் தன் முறையைக் கண்டுகொள்கிறார். பாறையில் நின்று இந்த ஒழுங்கைக் கவனிப்பவருக்கு, இதுவரை ஒருவரோடொருவர் பேசியே இராத மனிதர்கள் இவ்வளவு நுட்பமாக ஒத்துழைப்பது உண்மையிலேயே வியப்பைத் தரும்.

ஒருவருடைய தூண்டிலில் பெரிய மீன் மாட்டியதும் அந்த ஒழுங்கு மற்றொன்றாக மாறுகிறது. மாட்டிய மீன் நீரோட்டத்தோடு சேர்ந்து ஓடுவதால் நின்ற இடத்திலேயே நின்று அதை இழுக்க முடியாது. கோலை உயர்த்திப் பிடித்தபடி, கற்களின்மேல் நீர் போகும் திசையில் நடந்தாக வேண்டும். அப்போது வழியில் நிற்பவர்கள் தங்கள் நூல்களைச் சுற்றிக்கொண்டு பின்வாங்கி, அவருடைய நூலுக்கடியில் குனிந்து இடம் விடுகிறார்கள். ஒருவர் முன்னதாகவே நீர்விளிம்புக்கு இறங்கி, மீன் ஒதுங்கும் கல்லிடுக்கைக் காட்டி, தாடையைப் பற்றித் தூக்கித் தருகிறார். அந்த உதவியில் அவருடைய மீன்பிடி நேரத்தின் சிறந்த நிமிடங்கள் கழிந்துபோகலாம். இருந்தும் அதைக் கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு, ஏனெனில் அடுத்த மீன் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்ட்ரைப்டு பாஸுக்குக் கூரிய பற்கள் கிடையாது. தாடையின் உட்புறம் அரத்தைத் தொட்டாற்போல் சொரசொரப்பாக இருக்கும். பெருவிரலை வாய்க்குள் நுழைத்துக் கீழ்த்தாடையைப் பற்றித்தான் அதைத் தூக்குவார்கள் என்பதால், ஒரு நல்ல காலைப்பொழுதுக்குப் பின் பெருவிரல் தோல் உரிந்து சிவந்துபோகும். ஒருவருக்கு மீன் கிடைத்ததா என்பதை அவர் சொல்லாமலே அந்த விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கால்வாய் தனக்கென ஒரு கைத்தொழிலையும் வளர்த்திருக்கிறது. மரத்தைக் கடைந்து செய்யும் மிதவை இரை, அட்லாண்டிக் கரையெங்கும் இன்றும் போற்றப்படுவதற்குக் கால்வாய்க் கரையோரச் சாகமோரில் வாழ்ந்த ஸ்டான் கிப்ஸ் முக்கியக் காரணம். தாம் கடைந்த இரைகளைத் தாமே கால்வாயில் வீசிச் சோதித்துத் திருத்தியவர் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அவருடைய இரைகள் பெரும் பெயர் பெற்றன. பெரிய மீனோடு அவர் நிற்கும் பழைய புகைப்படத்தைத் தழுவி வடித்த சிலை இன்று பஸ்ஸர்ட்ஸ் பே ஊரில் நிற்கிறது. அவர் பரவலாக்கிய 'பென்சில் பாப்பர்' என்ற இரை, முன்புறம் ஒல்லியாகவும் வால்புறம் பருத்தும் இருக்கும். வால்பகுதிக்குள் ஈயம் புதைத்திருப்பதால் எதிர்காற்றிலும் வெகுதூரம் போய் விழும். கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டை உருட்டி, நடுவில் நீளத் துளையிட்டு, ஒரே கம்பியைத் தலையிலிருந்து வால்வரை செலுத்தி முனைகளை வளைத்து வளையமாக்குவதே இதன் நுட்பம். மீனின் மூர்க்கத்தில் மரமே பிளந்துபோனாலும் முள்ளும் நூலும் அந்தக் கம்பியால் இணைந்தே இருக்கும். அதன்பின் எண்ணெயில் ஊறவைத்து நீர் புகாமல் அடைத்து, கானாங்கெளுத்தியின் முதுகைப்போல் பச்சை நீலத்தில் நெளிகோடுகள் தீட்டுகிறார்கள்.

அந்த இரையைக் கையாளும் விதம் பார்த்துப் பழக வேண்டியது. கோலின் அடிக்கட்டையைத் தொடைகளுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் கோலைச் சற்று மேலே பற்றி விடாமல் குலுக்க, மறுகை சுருளை மெல்லச் சுற்றுகிறது. தொலைவில் இரையின் ஒல்லியான தலை இடமும் வலமுமாக நீரை அறைந்து, காயம்பட்ட மீன் துடிப்பதைப்போல் நுரை கிளப்புகிறது. குலுக்கல் வேகமும் சுற்றும் வேகமும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்பதால், புதியவர் கைகளுக்கு இது எளிதில் வசப்படாது. பழகியவர்கள் அருகே வந்து நின்று, சொல்லாமல் தங்கள் கோலைக் குலுக்கிக் காட்டுவதே இங்கு கற்பிக்கும் முறை.

மீன்பிடிப்பை நேரமறிந்து செய்ய வேண்டும் என்பதை விடியல் ஓதம் காட்டுகிறது. நீரோட்டம் திசை மாறும் கணம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், அதே திசைமாற்றம் அதே பொழுதில் மறுபடி வர ஏறக்குறைய பதினைந்து நாள் ஆகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுத்திருக்க, அந்த மாற்றம் சூரிய உதயத்தோடு கூடிவரும் சில நாட்களில்தான் மீன்கள் மேற்பரப்பில் பாய்ந்து வேட்டையாடும் காட்சி பெரும்பாலும் கிடைக்கிறது. அந்நாட்களுக்காக ஓத அட்டவணையில் வட்டமிட்டு, வேலையில் விடுப்புச் சொல்லி வைப்பவர்கள் உண்டு. நள்ளிரவு தாண்டியதும் இருட்டில் இடம் பிடித்து நிற்பார்கள். நெற்றி விளக்கை நீர்ப்பரப்பின்மேல் திருப்புவது பெருங்குற்றமாகக் கருதப்படுவதால், நூல் முடிச்சுப் போடும்போதுகூட நீருக்கு முதுகு காட்டியே விளக்கை எரிக்கிறார்கள். பாஸ்டனின் சீன, வியட்நாமியக் குடும்பத்தவர், நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் ஊர்களின் போர்த்துகீசிய, கேப் வெர்டிய வம்சாவளியினர், லோவெல் நகரத்துக் கம்போடியர், ஓய்வுபெற்ற முதியோர், பள்ளி விடுமுறையில் வந்த சிறுவர் என்று வேறு எங்கும் ஒன்றாக நிற்காத மனிதர்கள் இவ்வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

இந்தத் தோழமைக்கு விரிசல்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. மீன் நிற்கும் இடத்தைப் பற்றிய செய்தி முன்பு நம்பிக்கைக்குரிய ஓரிருவர் காதுக்கே போனது. இன்று கைப்பேசி வழியே ஒரு மணி நேரத்துக்குள் பரவி, கரை கொள்ளாத கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அக்கூட்டத்தில் முறை அறியாதவர்களின் நூல்கள் மற்றவர் நூல்களைச் சுற்றிக்கொள்ள, கோபம் வார்த்தையாகிறது. கற்களிடையே நூல் துணுக்குகளும் காலிப் பொட்டலங்களும் மிஞ்சுகின்றன. பழையவர்களில் சிலர் இதனால் மௌனமாகிவிட்டார்கள் என்பதும், கேட்டவருக்கு இடத்தைச் சொல்லாவிட்டாலும் முறையையேனும் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் மிகுதி என்பதும் ஒருசேர உண்மை.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி மீனைப் பற்றியது. 1970களின் பிற்பகுதியில் ஸ்ட்ரைப்டு பாஸ் இனம் அளவுக்கு மீறிய பிடிப்பால் சரிந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது, மேரிலாந்து மாநிலம் 1985 தொடங்கி 1990 வரை இம்மீனைப் பிடிப்பதையே தடைசெய்தது, 1995இல் இனம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த மீட்சி நிலைக்கவில்லை. 2018ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு இருப்பு மீண்டும் குறைந்துவிட்டதைக் காட்ட, 2020 முதல் 28 அங்குலத்துக்கும் 35 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றும், 2023இல் மேல் எல்லை 31 அங்குலம் என்றும் விதி இறுகியது. லட்சக்கணக்கில் முட்டையிடும் பெரிய பெண் மீன்களைக் காப்பதே இந்த மேல் எல்லையின் நோக்கம். செசபீக்கில் 2019 முதல் குஞ்சு மீன்களின் வரவு மெலிந்தே இருப்பதால், இவ்விதியைத் தளர்த்தக் கேட்பவர்களின் வாதம் ஏற்கத்தக்கதன்று.

பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடிப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மீன்கள் திரும்ப விடப்படுபவையே. அவற்றிலும் நூற்றுக்கு ஒன்பது இறந்துபோவதாக மீன்வள மேலாண்மை அமைப்பினர் கணக்கில் கொள்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாகும்போது இது சிறு இழப்பன்று. உயிருள்ள இரையையோ வெட்டிய இரையையோ கோப்பவர்கள், தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2021 முதல் கரையோர மாநிலங்கள் முழுவதற்குமான விதி. கால்வாயில் பலர் விதி கேட்பதற்கும் அப்பால் போகிறார்கள்: முக்கொக்கி முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, அதன் நுனியிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி விடுகிறார்கள், கோலின் கைப்பிடியில் 28, 31 அங்குலங்களுக்கு நேரே வண்ண நாடாவைச் சுற்றியிருக்கிறார்கள். அளக்கும்போது பக்கத்தில் நிற்பவர் வாலைப் பிடித்துக்கொள்ள, பிடித்தவர் தலையைக் கோலோடு சேர்த்துப் பார்க்கிறார். நீளம் மிகுந்தால் இருவருமாக அதை நீரோட்டத்தை எதிர்நோக்கி வைத்து, செவுள்கள் சீராக அசைந்து வால் தானாக உதறும்வரை தாடையைப் பற்றியிருக்கிறார்கள். அதற்குள் வரிசையில் அவர்கள் இருவரின் முறையும் கடந்துபோயிருக்கும். அடுத்த சுற்றில் மற்றவர்கள் அவர்களுக்கு இடம் விட்டு நிற்பார்கள்.