அளவுக்குள் அடங்காத புகை

அலெகெனி, மனங்காஹேலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஒஹையோ என்னும் புதுப் பெயருடன் மேற்கு நோக்கி ஓடத் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது பிட்ஸ்பர்க். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த இந்நகருக்கு 'எஃகு நகரம்' என்பது இன்றும் வழங்கும் பெயர். ஆயினும் இவ்வாறுகளின் கரைகளில் நிரை நிரையாக நின்ற ஆலைகளில் பெரும்பாலானவை 1980களில் மூடப்பட்டுவிட்டன. மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, அந்த எஃகு நகரத்தை முதன்முதலாக நான் கண்டது ஆற்றங்கரையில் அன்று, ஓர் அறைக்குள்.

ஒஹையோ ஆற்றின் வடகரையிலுள்ள காமின் அறிவியல் மையத்தில் (முன்பு இதற்குக் கார்னகி அறிவியல் மையம் என்று பெயர்) ஒரு குட்டி இரயில் உலகம் இருக்கிறது. எண்பத்து மூன்று அடி நீளம், முப்பது அடி அகலம் உள்ள மேடையில் மேற்குப் பென்சில்வேனியாவின் பழைய ஊர்கள் விரிந்து கிடக்கின்றன. சார்லஸ் பவுடிஷ் என்பவர் புரூக்வில் என்னும் சிற்றூரில், 1920ஆம் ஆண்டு தம் வீட்டில் தொடங்கிய வேலை இது. 1954இல் பிட்ஸ்பர்க்கின் பூல் கோளரங்கத்திற்கு வந்து, 1992இல் இன்றுள்ள இடத்தை அடைந்தது. மெய்யான நான்கு அடி இங்கே ஓர் அங்குலம். காட்டுச் செடியின் உலர்ந்த பூங்கொத்துகளே மரங்களாகி நிற்கின்றன. இரயில்கள் ஓடுகின்றன, சின்னஞ்சிறு மனிதர்கள் வேலை செய்கின்றனர், எஃகாலையும் இயங்குகிறது.

என் பேரன் நெடுநேரம் அந்த எஃகாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நன்னா, இவ்வளவு பெரிய ஆலைக்குப் புகையே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். "பொம்மைதானே, வாப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

குட்டி இரயில் அமைப்போர் எஃகுத் தொழிலின்மீது தனிப்பற்றுக் கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எஃகாலை என்பது ஒரு வகையில் இரயில் பாதைகளின் தொகுப்பே ஆகும். நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் வண்டிகளில் உள்ளே வருகின்றன. உருகிய இரும்பு, கொப்பரை போன்ற வண்டிகளில் ஊதுலையிலிருந்து எஃகுக் கூடத்திற்குச் செல்கிறது. கொதிக்கும் கசடு வேறு வண்டியில் வெளியேறுகிறது. இத்தனை வகை வண்டிகளையும் இத்தனை திசைகளில் ஓட்டிப் பார்க்க வேறு எந்தத் தொழிலும் இடம் தருவதில்லை.

ஆனால் அதைச் செய்து முடிப்பது எளிதன்று. பிட்ஸ்பர்க்கை அடுத்த ரேங்கினில், 1907இல் கட்டப்பட்ட கேரி ஊதுலைகள் இரண்டு இன்றும் நிற்கின்றன. உயரம் தொண்ணூற்று இரண்டு அடி. நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் குறைத்தாலும் இருபத்து மூன்று அங்குலம் வரும். எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறத்தாழப் பதின்மூன்று அங்குலம். உலை ஒன்றுக்கே இவ்வளவு என்றால், சூழ்ந்துள்ள கூடங்களுக்கு வீட்டில் இடம் ஏது? ஆகவே பத்து உலைக்கு மூன்று உலை வைத்து, மீதத்தைப் பின்சுவரில் ஓவியமாகத் தீட்டிவிடுகின்றனர். சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவித் துருவின் நிறம் ஏற்றுகின்றனர். உருகிய இரும்பின் ஒளிக்குச் செம்மஞ்சள் விளக்குகள், நீராவிக்குப் பஞ்சு.

இந்த உலகத்தில் ஊதுலைக்கு அடுத்த இடம் பெறுவது கல்கரி உலை. நம் நாட்டுப்புறங்களில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விறகை மண்ணால் மூடிக் காற்றுப் புகாமல் எரித்தால் அடுப்புக்கரி கிடைக்கிறதல்லவா? அதுபோலவே நிலக்கரியைக் காற்றின்றி ஆயிரம் பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அதிலுள்ள வாயுவும் தாரும் பிரிந்து, கெட்டியான கல்கரி எஞ்சுகிறது. இதுவே ஊதுலையில் எரிந்து வெப்பம் தருகிறது. தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கவும் உதவுகிறது. கல்கரி இல்லையேல் கேரி இல்லை. கேரி இல்லையேல் பிட்ஸ்பர்க் இல்லை.

நகருக்குத் தென்கிழக்கே கனெல்ஸ்வில் வட்டாரத்தில் முன்பு பல்லாயிரம் உலைகள் தேன்கூட்டு வடிவில் எரிந்தன. அவற்றின் வாயு முழுவதும் வானில் கலந்து வீணாயிற்று. பின்னர் வந்த உலைகளோ அந்த வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தின. குறுகிய அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் இவ்வுலைகளில், வெந்து முடிந்த கல்கரியை ஒரு பொறி மறுபுறம் தள்ளுகிறது. செந்தழலாக அது விழும் வண்டியைச் சிறிய எஞ்சின் ஒன்று கோபுரத்தின் கீழ் இழுத்துச் செல்ல, மேலிருந்து நீர் கொட்டுகிறது. வெண்ணிற ஆவி எழுகிறது. பஞ்சை வைத்துக் காட்ட முயல்வது இந்த ஆவியைத்தான்.

மறுவாரம் பேரனையும் அழைத்துக்கொண்டு கேரி உலைகளைப் பார்க்கச் சென்றேன். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு ஈன்றவை அவை. 1978இல் அணைந்து, 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. துருவேறிய குழாய்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அவனுக்கு அளவு புரிந்தது. இங்கும் புகை இல்லை. அணைந்த உலைக்குப் புகை ஏது?

புகையைக் காண மனங்காஹேலா ஆற்றை ஒட்டித் தெற்கே கிளேர்ட்டனுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய கல்கரி ஆலை அங்கே இன்றும் இயங்குகிறது. அழுகிய முட்டையின் நெடி காரின் கண்ணாடியையும் கடந்து வந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் அவ்வாலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர்.

இத்தொழிலின் விலை விபத்தோடு முடிவதன்று. பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டத்தின் எஃகுத் தொழிலாளர்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வொன்று 1971இல் வெளிவந்தது. கல்கரி உலைகளின் மேல்தளத்தில் முழுநேரமாக ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் விகிதம், மற்ற எஃகுத் தொழிலாளர்களைவிடப் பத்து மடங்கு என்று அது கண்டது. 1976இல் அரசு இவ்வுலைப் புகைக்கு வரம்பு விதித்தது. அம்மேல்தளத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் யார்? கறுப்பின மக்கள். ஆலையிலேயே மிக வெப்பமான, மிக அழுக்கான வேலை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த அம்மக்கள் குடியேறிய பகுதிகளுள் ஒன்று ஹில் டிஸ்ட்ரிக்ட். அங்கே அவர்களிடையே இஸ்லாத்தைத் தழுவியோர் அமைத்த பள்ளிவாசல் 1945இல் முறைப்படி பதிவு பெற்றது. 'அல்-மஸ்ஜித் அல்-அவ்வல்' என்பது அதன் பெயர். அந்நகரில் ஒரு ஜும்ஆவை அங்கே தொழும் பேறு எனக்கு வாய்த்தது, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்தில் நின்ற முதியவர்களைப் பார்த்தபோது, மேடையில் கண்ட அந்தச் சின்னஞ்சிறு மனிதர்கள் நினைவுக்கு வந்தனர்.

திருமறையில் இரும்பின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு: அல்ஹதீத். இரும்பில் வலிமையும் மனிதர்க்குப் பயனும் சேர்ந்தே இருப்பதை அது நினைவூட்டுகிறது. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவச வளையங்களை அளவோடு அமைக்கவும் நற்செயல் புரியவும் சேர்த்தே பணித்தான். அவர்கள் தம் கை உழைப்பில் உண்டவர்கள் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அளவும் நன்மையும் ஒருசேரக் கட்டளையிடப்பட்டதை அன்று இரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

குட்டி இரயில் உலகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அது இல்லையேல் என் பேரன் கல்கரி என்ற சொல்லையே அறிந்திருக்க மாட்டான். நீளத்தையும் உயரத்தையும் நாற்பத்தெட்டில் ஒன்றாகக் குறைக்கலாம். உழைத்தவனின் மூச்சை அவ்வாறு குறைக்க இயலாது. அதைப் பார்ப்பவர் தம் மனத்தில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் புறப்படும் முன்னாள் பேரனை அழைத்து அருகில் அமர்த்தினேன். "வாப்பா, அன்று நீ புகை எங்கே என்று கேட்டாயே, அந்தப் புகை அவர்களுடைய நெஞ்சுக்குள் போய்விட்டது" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவங்களுக்காக நாம் துஆ செய்யலாமா, நன்னா?" என்று கேட்டான். இருவரும் கையேந்தினோம்.