எஃப்1ஐ அழுத்தவும்

என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. சிரிப்பு வருகிறதா? சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

2003ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கடையில் மதர்போர்டு, இன்னொன்றில் ராம், எதிர்ச் சந்தில் கேபினெட் என்று பேரம் பேசி வாங்கினேன். நண்பனும் நானும் ஹால் தரையில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிப் பூட்டினோம். பென்டியம் 4, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க். மொத்தம் 24,000 ரூபாய். கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியது. அவை எங்கே போகவேண்டியவை என்று இன்றுவரை தெரியாது.

பி.காம். புத்தி போகுமா? அன்றைய வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 60 சதவிகிதம். போட்டுப் பாருங்கள், பத்தே வருடத்தில் என் பெட்டியின் மதிப்பு இரண்டரை ரூபாய்.

2014 ஏப்ரல் 8ம் தேதி மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்பியைக் கைகழுவியது. அதற்கப்புறம் புதிதாக ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் வராது. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகத்தையே கலக்கியபோது மனமிரங்கி எக்ஸ்பிக்கும் ஒரு ஒட்டுப் போட்டார்கள். நான் நெட் ஒயரை எப்போதோ பிடுங்கிவிட்டேன். கண்ட பென் டிரைவும் உள்ளே போகாது.

"தூக்கிப் போடுங்கப்பா" என்கிறாள் மகள்.

எப்படிப் போடுவது? ரிட்டயரான பிறகு என் அப்பா தமிழ் டைப்பிங் பழகி, ஒற்றை விரலால் தன் கதையை அடித்தது இதில்தான். யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபான்ட். புது லேப்டாப்பில் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாகக் கொட்டும். 2009ல் அப்பா போய்விட்டார்.

போன மாதம் ஒருநாள் பெட்டி எழுந்திருக்கவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊருக்கெல்லாம் 'பேக்கப் எடுங்கள்' என்று எழுதியவன், எடுத்து வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன்.

"கெபாசிட்டர் உப்பிடுச்சு சார்" என்றான் கடைப் பையன். நாலைந்தை மாற்றியதும் உயிர் வந்தது. "போர்டு பேட்டரியும் செத்துருக்கு. மாத்திடவா?"

"வேணாம்ப்பா."

விநோதமாகப் பார்த்தான். பேட்டரி போனதால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எஃப்1ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் தேதி 2003 ஜனவரி 1. அந்தத் தேதியில் அப்பா இருக்கிறார். இதை அவனிடம் எப்படிச் சொல்ல?

அன்றிரவே எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் காப்பி எடுத்தேன், ஃபான்ட்டையும் சேர்த்து. பிறகு ஒரு கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். பத்து நிமிட வேலை. அதற்குப் பதினைந்து வருட சோம்பல்.

முதல்முறையாக முழுவதும் படித்தேன். 62 பக்கம். பிறந்த ஊர், கிணறு, முதல் சம்பளம், கல்யாணம் என்று வந்து, 1979ல் நின்றுவிடுகிறது.

நான் பிறந்தது 1980.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்களேன். எழுதியவர் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் விசேஷம். மிச்சத்தையும் கேட்டு வாங்கிவிடலாம்.