சுரூபங்களின் கால்கள்

கோவிலுக்குள் போனால் எல்லோரும் சுரூபத்தின் முகத்தைப் பார்க்கிறார்கள். என் கண் காலுக்குப் போய்விடும். முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அச்சில் வார்த்த பிளாஸ்டர் சுரூபங்களில் சூசையப்பருக்கும் செபஸ்தியாருக்கும் ஒரே ரோஸ் கன்னம், ஒரே அரைத்தூக்கப் பார்வை. தாடியையும் அம்பையும் எடுத்துவிட்டால் யார் யாரென்று சொல்ல முடியாது. கால் அப்படியல்ல, அது கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகள் பட்டுப் பட்டு, அந்தோணியாரின் கட்டைவிரலில் பெயிண்ட் போய் வெள்ளை தெரியும். எந்த விரலில் தேய்மானம் அதிகம் என்று பார்த்தே வரிசை எந்தப் பக்கமாக வருகிறது என்று சொல்லிவிடலாம்.

தேய்மானத்தில் ரோமாபுரி ராயப்பரை யாரும் மிஞ்ச முடியாது. வத்திக்கான் பேராலயத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலை, 13-ஆம் நூற்றாண்டில் அர்னோல்ஃபோ தி காம்பியோ செய்தது என்பார்கள். முத்தமிட்டும் தடவியும் வலது கால் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து வழவழவென்று ஆகிவிட்டன. ஜூன் 29, அவருடைய திருநாளன்று, பட்டு உடுப்பும் முடியும் சாத்துகிறார்கள். அத்தனை ஜோடனைக்கும் கீழே அந்த மூளிக்கால் மட்டும் வழக்கம்போல நீட்டிக்கொண்டிருக்கும்.

அதே ஊரில் சாந்த் அகோஸ்தீனோ கோவிலில் கரவாஜ்ஜியோ வரைந்த லொரேத்தோ மாதா படம் இருக்கிறது. 1600-களின் தொடக்கத்தில் வரைந்தது. குழந்தையோடு வாசற்படியில் மாதா. முன்னால் ஒரு கிழவியும் ஓர் ஆணும் முழங்காலில். அந்த ஆளின் அழுக்கேறிய உள்ளங்கால் நேரே நம் முகத்துக்கு வருகிறது. மாதாவும் வெறுங்கால்தான். படத்தைத் திறந்தபோது ஜனங்கள் கூச்சல் போட்டார்களாம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களின் கால்களைப் பார்த்திருந்தால் பேசாமல் இருந்திருப்பார்கள்.

லூர்து மாதாவின் கால் கதை வேறு. 1858-இல் மசபியேல் குகையில் 14 வயது பெர்னதெத் கண்டதாகச் சொன்னது ஒரு சின்னப் பெண்ணை. கிட்டத்தட்டத் தன் உயரம்தான். வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோஜா. சிலை செய்ய லியோனிலிருந்து ஜோசப் ஃபாபிஷ் என்ற சிற்பி வந்தார். ஓவியக் கல்லூரிப் பேராசிரியர். மாதா எப்படி நின்றார், எப்படிக் கைகூப்பினார், எப்படிப் பார்த்தார் என்று பிள்ளையைக் குடைந்து குடைந்து கேட்டார். அவளும் நின்று காட்டினாள். எல்லாம் கேட்டுக்கொண்டு போனவர், கராரா சலவைக்கல்லில் ஆறடிக்கும் மேலே ஒரு சீமாட்டியைச் செதுக்கிக் கொண்டுவந்தார். வயதும் கூட, உயரமும் கூட. பெர்னதெத்தைக் கேட்டதற்கு, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் இல்லை என்றாள். 1864 ஏப்ரலில் சிலையைக் குகையில் ஏற்றியபோது உடம்புக்கு முடியாமல் அவள் அங்கே வரவும் இல்லை. கீழிருந்து எதிரொளித்த வெளிச்சத்தில் சிலையின் முகபாவமே மாறிவிட்டதைக் கண்டு ஃபாபிஷும் நொந்துபோனாராம். எனக்கு அந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. சின்னப் பெண்ணாக வடித்திருந்தால் பணம் கொடுத்தவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களா?

உலகம் பூராவும் பரவியது என்னவோ அந்தச் சீமாட்டிதான். வில்லியனூர் மாதா கோவிலிலிருந்து நம் தெருமுனைக் கெபிகள் வரை அதே அண்ணாந்த முகம், அதே நீலக் கச்சை. பெர்னதெத்தின் சொல்லுக்கு அப்படியே கட்டுப்பட்டவை உடையும் கச்சையும் காலடியும்தான்.

போன திருவிழாவுக்கு முன்னால் எங்கள் தெருக் கெபிக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்த தம்பி, பாதத்து ரோஜா இரண்டையும் ரத்தச் சிவப்பில் முடித்திருந்தான். அது மஞ்சள் தம்பி என்றேன். ஏணியிலிருந்து இறங்காமலே பதில் வந்தது:

“ரோஜான்னா சிவப்புதானண்ணே. மஞ்சள் அடிச்சா செவ்வந்தின்னுல்ல நினைப்பாங்க!”