சன்னபட்டணத்து மரப்பொம்மைகளும் நம் இல்லத்துப் பிள்ளைகளும்

பெங்களூருவிலிருந்து மைசூரு நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பெயரைச் செவியுற்றதும் நம் சென்னை மாநகரின் பழம்பெயர் சிலருக்கு நினைவில் எழக்கூடும். இது வேறு ஊர். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ராமநகரத்துக்கும், வடைக்குப் பெயர்பெற்ற மத்தூருக்கும் இடையே, புகைவண்டி நின்று செல்லும் நிலையத்தோடு கூடிய ஊர். மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய பொம்மைகளால் இதன் புகழ் கடல் கடந்தும் சென்றுள்ளது.

எங்கள் மதரஸாவின் சிறுவர் வகுப்புக்கு ஓதக் கற்பிக்கும் கருவிகள் சிலவற்றை வாங்கி வருமாறு நிர்வாகத்தார் 4,000 ரூபாய் தந்திருந்தனர். என் தங்கையின் இல்லத்திலும் மூன்று பிள்ளைகள். மூத்தவன் எட்டு வயதினன். இளையவள் மூன்று வயதினள். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். அவர்களுக்கும் ஏதேனும் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இவ்வூருக்குச் சென்றேன். அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும், பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்ற நோக்கில் இங்கு எழுதுகிறேன்.

வரலாறும் கைத்திறனும்

மைசூரை 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தான், பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இவ்வூரில் இக்கலையை வளர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளை அறிந்து வந்து இத்தொழிலைச் செம்மைப்படுத்தினார் என்று அவரை இவ்வூரார் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தலைமுறை தலைமுறையாக வந்த பிழைப்பு. 2005-06 ஆம் ஆண்டில் சன்னபட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

மரபாக இதற்குப் பயன்படும் மரம் வெட்பாலை. நம் நாட்டு வைத்தியத்தில் தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே மரந்தான். தந்தம் போன்று வெளுத்து, மென்மையாகக் கடையத்தக்கது. அது போதிய அளவு கிடைக்காதபோது ரப்பர் மரம் போன்றவற்றையும் கையாளுகின்றனர். மரத்தை நன்கு உலர்த்தி, துண்டுகளாக அறுத்து, கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கின்றனர். பின்னர் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துகின்றனர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றிவிடுகிறது. இறுதியில் தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போன்ற மெருகு ஏறுகிறது. மஞ்சள் நிறத்துக்கு நம் சமையலறை மஞ்சளும், நீலத்துக்கு அவுரியும் எனத் தாவரச் சாயங்களைப் பயன்படுத்தும் பட்டறைகள் இங்கு உண்டு.

குழந்தைகள் எதையும் வாயில் வைத்தே அறிந்துகொள்கின்றன. ஆகவே வண்ணம் என்பது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. சில வகைச் சாயப் பூச்சுகளில் கலக்கப்படும் ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

முத்திரையும் நம் பொறுப்பும்

இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்னும் ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் அரசிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்றவர்களின் பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஏழைக் கைவினைஞர் சோதனைச் செலவைத் தாங்கமாட்டார் என்பதால் தரப்பட்ட சலுகை இது. அதே வேளையில், இப்பொருள்களை வாங்குவோர் தாமே பார்த்துத் தேற வேண்டிய பொறுப்பும் இதனால் கூடுகிறது. என்ன சாயம், என்ன மரம் என்று கேட்டால் நல்ல கைவினைஞர் முகம் சுளிப்பதில்லை. பட்டறைக்குள் அழைத்துச் சென்று அரக்குக் குச்சியையே கையில் தருகிறார். கடைவீதியில் சன்னபட்டணத்துப் பெயரில் வேறிடத்துப் பொருள்களும் கலந்து விற்கப்படுவதால், கேட்டு வாங்குவதே முறை.

ஒரு வளையத்தில் மூன்று படகு

மதரஸாவுக்கு வேண்டிய கருவி கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. நான் பார்த்த கடைகளில் ஆங்கில எழுத்துக் கட்டைகளும் கன்னட எழுத்துக் கட்டைகளும் இருந்தன. அரபி எழுத்து இல்லை. ஆகவே ஒரு பட்டறைக்குச் சென்று, அறுபது வயதைக் கடந்த கைவினைஞர் ஒருவரிடம் தேவையை எடுத்துரைத்தேன்.

அரபி எழுத்துகள் 28. அவற்றுள் பா, தா, ஸா மூன்றும் ஒரே படகு வடிவம். கீழே ஒரு புள்ளியிருந்தால் பா. மேலே இரு புள்ளிகள் இருந்தால் தா. மேலே மூன்றிருந்தால் ஸா. ஓதத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தடுமாறுவர். புள்ளிகளைக் கையால் எடுத்து மாற்றி வைக்கும்படி ஒரு பலகை இருந்தால், ஏட்டைப் பார்த்துப் பத்து முறை சொல்வதைவிட ஒரு முறை வைத்துப் பார்ப்பதே மனத்தில் பதியும். நம் முன்னோர் மரப்பலகையில் மை தொட்டு எழுதி, ஓதி, கழுவி, மீண்டும் எழுதினர். அதில் கைக்கும் வேலை இருந்தது. அந்த நற்பழக்கத்தின் மறுவடிவமே நான் விரும்பியது.

கடைசல் இயந்திரத்தில் உருண்டையானவையே வரும். படகு எப்படி வரும் என்று ஐயுற்றேன். அவர் புன்னகைத்தார்.

“ஹஜ்ரத், ஒரு வளையம் கடைந்து அதை மூன்றாக அறுத்தால் மூன்று படகு. இரண்டாக அறுத்தால் குழி ஆழமாக வரும், அது உங்கள் நூனுக்கு ஆகும்” என்றார்.

பா, தா, ஸாவின் படகு ஆழமற்றது. நூனின் குழி ஆழமானது. அவரும் சிறுவயதில் பள்ளிவாசலில் ஓதியவரன்றோ! வளையத் துண்டைப் பலகையில் பதித்து, மேலே மூன்று துளை, கீழே ஒரு துளை இட்டு, அவற்றில் செருகப் புள்ளி முளைகள் செய்து தருவதாகச் சொன்னார். சுண்டைக்காய் அளவில் தலை வைத்த முளைகள் என்றால், என்னிடமிருந்த தொகைக்கு ஆறு பலகைகள் ஆகும் என்று கணக்கிட்டேன். அப்போது அவர் கேட்டார்:

“ஓதவரும் பிள்ளைகள் தம்பி, தங்கையை இடுப்பில் தூக்கி வருவார்களா?”

“வருவார்கள், பாய். தாய் வேலைக்குப் போகும் வீடுகளில் அதுதானே வழக்கம்!”

“அப்படியானால் இந்தப் புள்ளி ஆகாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பாடம். ஒரு வயதுப் பிள்ளைக்கு இது தொண்டையில் அடைக்கும் கல்.”

புள்ளிகளை 5 சென்டிமீட்டர் குறுக்களவில் பெரிதாகக் கடைய வேண்டும். அதற்கேற்பப் பலகையும் பெரிதாக வேண்டும். ஆறுக்குப் பதில் நான்குதான் ஆகும் என்றார். கூடுதலாக விற்பதையே நாடும் வணிகர் ஒருவர் இவ்வாறு சொல்லியிருக்கமாட்டார். நான்கே போதும் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் இருவர் இருவராகப் பகிர்ந்துகொள்வர். மூச்சுக்குழாய்க்குப் பகிர்வு ஏது?

வயதை முதலில் பாருங்கள்

அப்பெரியவர் சொன்ன ஒரு சொல்லில் பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரே பொருள் ஒரு வயதினருக்குப் பாடம். மற்றொரு வயதினருக்கு ஆபத்து. நம் இல்லங்களில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் விளையாடுவதால், மூத்தவனுக்கு வாங்கும்போதும் தரையில் தவழும் குழந்தையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதல் ஆறு மாதம்: இப்பருவத்தில் குழந்தைக்குத் தேவையானவை மிகச் சில. தாய்ப்பால், பழகி மென்மையான பருத்தித் துணிகள், தூய்மையான படுக்கை, தாயின் முகம், தாயின் குரல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே மருத்துவ உலகின் அறிவுரை. பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதை 1992 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுத்துள்ளது. கைக்குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை போதும். அது பூட்டுகளில் பிரியாததாகவும், முனைகள் தொண்டைக்குள் செல்லாத பருமனுடையதாகவும் இருத்தல் வேண்டும். தொட்டிலின் குறுக்கே கட்டித் தொங்கவிடும் பொம்மைகளை, குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும் அகற்றிவிட வேண்டும்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை: கழி ஒன்றில் கோத்து அடுக்கும் வண்ண வளையங்கள் இப்பருவத்துக்கு ஏற்றவை. பெரிது, சிறிது என்னும் அறிவு அதில் தானே பிறக்கிறது. இழுத்துச் செல்லும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேற்படலாகாது; கழுத்தில் சுற்றும் அபாயம் உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோர் கைக்கு எட்டும் எந்தப் பொருளும், அதன் கழன்று விழும் உறுப்பும், சுமார் 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுவதும் அடங்குமாயின் ஆபத்தானது. கோலி போன்ற உருண்டைகள் இன்னும் சற்றுப் பெரிதாக இருந்தாலும் தொண்டையை அடைக்கும்.

இவ்விடத்தில் நடைவண்டி பற்றிச் சொல்ல வேண்டும். நம் பாட்டனார் காலத்து மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. விழுந்தால் எழுகிறது. இன்று பலர் வாங்கும் வட்ட வடிவ நடைபழகியிலோ குழந்தை நடுவில் அமர்ந்து, கால் நுனியால் உந்தி, தன் வயதுக்கு மீறிய வேகத்தில் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் சென்று சேர்கிறது. அது நடையை விரைவுபடுத்துவதும் இல்லை. கனடா நாடு அதன் விற்பனையை 2004 ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. இரண்டும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

மூன்று முதல் ஆறு வயது வரை: செப்புச் சாமான்கள், கட்டைகள், மணிச்சட்டம். பத்துப் பத்தாக மணிகள் கோத்த சட்டத்தில் கூட்டலும் கழித்தலும் விரல் நுனியில் நடக்கின்றன. கைப்பேசித் திரை இவ்வேலையைச் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே காட்டலாகாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வழிகாட்டியுள்ளது. உருவப் பொம்மைகள் குறித்து வினவுவோரும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகளோடு விளையாடிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பேணுதலை விரும்புவோருக்கு உருவமற்ற வளையங்களும் வண்டிகளும் கட்டைகளும் இவ்வூரில் ஏராளம்.

ஆறு வயதுக்கு மேல்: பம்பரம், புதிர்க் கட்டைகள், எண் விளையாட்டுகள், இவற்றோடு நல்ல புத்தகம். இப்பருவத்தினரின் மின்சாரப் பொம்மைகளில் பொத்தான் வடிவ மின்கலம் இருக்கும். இளைய குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். திருகாணியிட்டு மூடப்படாத பொம்மையை வீட்டில் சேர்க்க வேண்டாம்.

பேணும் முறை

அரக்குப் பொம்மையை நீரில் ஊறவைக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் அரக்கு இளகும். கை கழுவப் பயன்படுத்தும் சாராயக் கலவை பட்டால் அரக்கு கரைந்துவிடும். வண்ணம் செதிலாக உரிந்தாலோ மரம் பிளந்தாலோ அதைக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒழுங்காகப் பேணினால் ஒரு குழந்தைக்கு வாங்கியது அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் உதவும். வீண்விரயம் தவிர்க்க இது நல்ல வழி.

தங்கையின் இல்லத்துக்கு மூன்றே பொருள்கள் வாங்கினேன். மூத்தவனுக்குப் பம்பரம், மூன்று வயதுச் சிறுமிக்கு அடுக்கு வளையம், கைக்குழந்தைக்கு ஒரே மரத்துண்டில் கடைந்த கிலுகிலுப்பை. பம்பரத்தின் ஆணி கூர்மையானது. அதை உயரமான அலமாரியில் வைக்குமாறு மூத்தவனிடமே பொறுப்பை ஒப்படைத்தேன். பெரியவனாக நடத்தப்பட்ட பிள்ளை பெரியவனாகவே நடந்துகொள்கிறான்.

2023 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய விரைவுச்சாலை சன்னபட்டணத்தைத் தொடாமல் சுற்றிச் செல்கிறது. மைசூரு செல்வோர் முன்போல் கடை கண்டு வண்டியை நிறுத்த வழியில்லை. பழைய சாலையோரக் கடைகளில் கூட்டம் குறைந்துவிட்டது. அடுத்த முறை அவ்வழியே செல்லும் குடும்பங்கள் சற்று நேரம் ஒதுக்கிப் பழைய சாலையில் திரும்புங்கள். பட்டறைக்குச் சென்று, பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். கைவினைஞரின் அடுப்பும் எரியும். பிள்ளைக்கும் ஏற்ற பொருள் அமையும். எங்கள் மதரஸாவில் நான்கு பலகைகளும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. புள்ளிகள் இன்றுவரை ஒன்றுகூடத் தொலையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.