கோட்டாத்துல மேப்பிள் கிடைக்குமா?

டிசம்பர் 3. குமரி மாவட்டக் காலேஜ் பசங்களுக்கு இந்தத் தேதி மனப்பாடம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவோட பத்தாம் நாள். மாவட்டத்துக்கே லோக்கல் ஹாலிடே! தேர் பார்க்கிற கூட்டம், வளையல் கடை, பேரீச்சம்பழக் கடை, பலூன்காரர்னு ரோடே கொள்ளாது.

ஏறக்குறைய அதே வாரத்துல, ஜப்பானின் கியோட்டோ நகரத்துலயும் கூட்டம் முட்டி மோதும். அங்கே தேர் கிடையாது. சிவந்து நிக்கிற மேப்பிள் மரங்களைப் பார்க்கத்தான் அவ்வளவு ஜனமும்.

ரெண்டு ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? ஒரு ஆள்தான் சம்பந்தம். 1540-களில் இந்தக் கோட்டாறு மண்ணுல நடமாடிய அதே பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட்ல ஜப்பான் போய் இறங்கினார். 1551 நவம்பர் வரைக்கும் அங்கேதான். அப்படின்னா மூணு தடவை இலை சிவக்கிற சீசனைத் தாண்டியிருக்கார். கண்ணுல படாம இருந்திருக்க வழியே இல்லை. திரும்பி வரும்போது ஒரு மேப்பிள் கன்னு கொண்டு வந்து கோட்டாத்துல நட்டிருந்தா?

ரெண்டு வருஷம் தாங்கியிருந்தாலே பெரிய விஷயம்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்மள்ல நிறைய பேருக்கு மேப்பிள் ஆசை இருக்கு. கம்ப்யூட்டர் வால்பேப்பர், கொரியன் சீரியல், கனடா போன சீனியர் போடுற போட்டோ, எல்லாத்துலயும் அந்தச் சிவப்பு. கனடாக்காரங்க 1965-ல் கொடியிலேயே அந்த இலையைப் போட்டுட்டாங்க, பதினோரு முனையோட. புது வீடு கட்டி, முன்னாடி கொஞ்சம் இடம் மிஞ்சினா ‘அங்கே ஒரு மேப்பிள் வைப்போமா’ன்னு வீட்டுல நாமதான் முதல்ல ஆரம்பிப்போம்.

ஆசைப்படறதுல தப்பே இல்லை, அதுல இருக்கிற வெரைட்டி அப்படி. உலகத்துல மேப்பிள் இனங்கள் நூத்து இருபதுக்கும் மேலே. ஜப்பான் மேப்பிள்னு ஒரே ஒரு இனம். அதுல மட்டும் ஆயிரத்துக்கும் மேல ரகங்கள் உருவாக்கி வச்சிருக்காங்க. ‘பிளட்குட்’னு ஒண்ணு, கோடையிலேயே கருஞ்சிவப்பா நிக்கும். ‘சாங்கோ காக்கு’ன்னு ஒண்ணு, இலையெல்லாம் கொட்டின பிறகுதான் அதுக்கு அழகே, குச்சிகள் பவளச் சிவப்பாயிடும். பாம்புத்தோல் மாதிரி வெள்ளைக் கோடு ஓடுற பட்டையுள்ள மேப்பிள் உண்டு. சீனாவிலிருந்து எர்னெஸ்ட் வில்சன் என்ற தாவர வேட்டைக்காரர் 1901-ல் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்த இன்னொரு இனத்துக்கு, செம்பு நிறப் பட்டை காகிதம் மாதிரி சுருண்டு சுருண்டு உரியும்.

(இதுக்கு மட்டும் ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போக வேண்டாம். உங்க வீட்டுப் பின்னாடி நிக்கிற கொய்யா மரத்தோட அடித்தண்டை ஒரு தடவை உத்துப் பாருங்க. வழவழன்னு, செம்பு நிறத்துல, அதே மாதிரி உரிஞ்சுக்கிட்டுதான் நிக்கும். நாம பழத்தைப் பறிச்சோமா போனோமான்னு இருக்கோம்!)

சரி, கோட்டாத்துல மேப்பிள் ஏன் வராது? அதுக்குத் தூக்கம் வேணும். குளிர்காலத்துல பல வாரங்கள் ஒற்றை இலக்க டிகிரியில நடுங்கினாத்தான் அந்த மரம் ஓய்வெடுத்து, அடுத்த வருஷம் ஒழுங்காத் துளிர்க்கும். நம்ம ஊர்ல மார்கழி ராத்திரியிலகூட 20 டிகிரிக்குக் கீழே போறது அபூர்வம். தூக்கமே இல்லாம செமஸ்டர் முழுக்க எக்ஸாம் எழுதற மாதிரிதான் அதோட நிலைமை. முதல் வருஷம் ரெண்டு இலை விடும். பங்குனி வெயில்ல ஓரம் கருகும். அப்புறம் ஒரு நாள் வெறும் குச்சி. ஊட்டி, கொடைக்கானல் உயரத்துல வேணும்னா முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஆசையை வச்சே காசு பண்றவங்களும் இருக்காங்க. ஆன்லைன்ல ‘நீல மேப்பிள் விதை’, ‘ஊதா மேப்பிள் விதை’ன்னு பாக்கெட் போட்டு விக்கிறாங்க பாருங்க... நீல நிற மேப்பிள்னு உலகத்துல எங்கேயுமே ஒரு மரம் கிடையாது. போட்டோஷாப்ல மட்டும்தான் இருக்கு. நிஜ விதையே வந்தாலும் ஈர மணல்ல பொதிஞ்சு, ஃப்ரிட்ஜ்ல மூணு மாசம் வச்சாத்தான் முளைக்கும். அந்தக் காசுக்குக் கோட்டாத்துல நல்ல பரோட்டா சாப்பிட்டுட்டு, மிச்சத்துல ஒரு நாட்டு மரக் கன்னு வாங்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சினிமாவுல காஷ்மீர்னு காட்டும்போது ஹீரோ ஹீரோயின் காலடியில சிவப்பா உதிர்ந்து கிடக்குமே, அது பெரும்பாலும் சினார். இலை மேப்பிள் ஜாடையில இருக்கும், ஆனா குடும்பமே வேற.

நிஜமான சொந்தக்காரங்க யாருன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. தாவரவியல்காரங்க இப்போ மேப்பிளைச் சேர்த்திருக்கிற குடும்பத்துலதான் பூவந்திக்கொட்டை இருக்கு. சீசன்ல நாகர்கோவில் ரோட்டோரம் குவிச்சு விக்கிற ரம்புட்டான் இருக்கு. அட, பாட்டி தோசை மாவுல அரைச்சு ஊத்துற முடக்கத்தான் கீரையும் அதே குடும்பம்தான்! கோட்டாத்துல ஏதாவது ஒரு பழைய காம்பவுண்டு சுவர்மேல முடக்கத்தான் படர்ந்திருந்தா, ‘மேப்பிளுக்குச் சித்தப்பா மகளே, சௌக்கியமா’ன்னு கேட்டுட்டுப் போகலாம். இலை ஷேப்தான் முக்கியம்னா மரச்சீனித் தோட்டத்துல போய் நில்லுங்க. விரல் விரிச்ச மாதிரி இலை, சிவப்புக் காம்பு. அதுவும் பிரேசில் பக்கத்திலிருந்து வந்து, திருவிதாங்கூர்ல விசாகம் திருநாள் மகாராஜா பரப்பினதாச் சொல்லப்படற பயிர். இன்னிக்கு மீன்குழம்புக்கு அது இல்லாம நமக்கு ஆகாது.

இலையும் பட்டையும் கிடைச்சாச்சு. சிவப்புக்கு என்ன வழி?

குளிர்நாட்டுல பொழுது குறைய ஆரம்பிச்சதும் இலையிலுள்ள பச்சையம் சிதையும். கூடவே ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம் புதுசா உருவாகும். அதாவது அங்கே இலை சாகும்போது சிவக்குது. நம்ம வெப்பநாட்டு மரங்கள் பலதுல கதை அப்படியே உல்டா. இலை பிறக்கும்போது சிவப்பு! அதே சாயம்தான். பிஞ்சு இலைக்குப் பச்சையம் ஏறுறதுக்கு முன்னால, கொளுத்துற வெயில்ல இருந்து அது காவல் காக்குது. பூச்சியும் சிவந்த தளிரைக் கடிக்கத் தயங்கும்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. மாந்தளிர் நிறம்னு புடவைக் கடையில சொல்றாங்களே, அது இந்த நிறம்தான்.

மாசி, பங்குனியில ஒரு சனிக்கிழமை வடசேரியில கீரிப்பாறை பஸ் ஏறுங்க. ஜன்னல் சீட். பூதப்பாண்டி, திட்டுவிளை வரைக்கும் வயலும் குளமும். தடிக்காரன்கோணம் தாண்டி மலை கிட்ட வந்ததும் பச்சைக்கு நடுவுல அங்கங்கே சிவப்புத் திட்டு தெரியும். பூன்னு நினைப்பீங்க. நிறைய இடத்துல அது வெறும் தளிர். பூவம்னு ஒரு மரம், கும்பாதிரின்னும் சொல்வாங்க, அந்த சீசன்ல மொத்தமாச் சிவந்து நிக்கும். இது மேப்பிளோட அதே குடும்பம்! குளிரே இல்லாம மேப்பிள் வேலையைச் செய்யற ஒண்ணுவிட்ட அண்ணன். ஆனா நூறு அடி வரைக்கும் வளர்ற ஆளு. காலேஜ் மைதானத்துக்குச் சரி, நம்ம வீட்டுக்கு ஆகாது.

கோட்டாறு வீடுகளைத்தான் பார்த்திருப்பீங்களே. டாலமி தன் புவியியல் நூல்ல ‘கொத்தியாரா’ன்னு குறிச்ச நகரம் இதுதான்னு பல அறிஞர்கள் சொல்ற அளவுக்குப் பழைய ஊர். பழைய ஊர்னா நெருக்கம். கம்போளத்துல லாரியும் சைக்கிளும் தலைச்சுமையும் ஒரே சந்துக்குள்ளே. மூணு சென்ட், நாலு சென்ட்ல வீடு. முன்னாடி மிஞ்சறது பைக் நிறுத்தற இடம். அதுலயும் ஒக்கிக்கு அப்புறம் மரம்னு சொன்னாலே வீட்டுல பயப்படறாங்க.

2017 நவம்பர் 30. அன்னிக்கும் சவேரியார் திருவிழா நாள்தான். கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேர் திரும்பி வரலை. அந்தத் துக்கத்துக்கு முன்னால மரத்தைப் பத்திப் பேசறதே கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஆனா மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் ரோட்டோர மரங்களும் சாய்ஞ்சதும், போஸ்ட் விழுந்து நாள்கணக்கா கரன்ட் இல்லாம இருந்ததும் இங்குள்ள எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ‘வேண்டாம் மக்கா, காத்துக்கு சாஞ்சா வீட்டு மேலதான் விழும்’னு அம்மாக்கள் சொல்றது சும்மா இல்லை. அந்தப் பயத்துலதான் முற்றம் முற்றமா இன்டர்லாக் கல் பதிச்சு மூடிட்டாங்க. மத்தியானம் செருப்பில்லாம கால் வைக்க முடியாது.

அதனால ‘எது அழகு’ங்கறதை ரெண்டாவதா வச்சுக்குவோம். ‘எது சாயாது, எது அடங்கும்’னு முதல்ல கேட்போம். வேகமா வளர்ற குல்மோஹர் அவுட். கிளை முறியறதுல அது ஃபர்ஸ்ட் ரேங்க். வாதாமரம் இருக்கே, நாட்டு பாதாம், அது நம்ம ஊர்ல மேப்பிள் மாதிரியே உதிர்றதுக்கு முன்னாடி செக்கச்செவேல்னு ஆகற மரம். ஆனா குடை குடையா அடுக்கி நாலு பக்கமும் பரவும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஸ்கூல், காலேஜுக்கு விட்டுடுவோம்.

பத்து சென்ட் இருக்கிறவங்களுக்கு என் ஓட்டு நாங்கு மரத்துக்கு. சிறுநாகப்பூன்னு நாட்டு மருந்துக் கடையில கேள்விப்பட்டிருப்பீங்க. மேற்குத்தொடர்ச்சி மலை மழைக்காடுகள்ல இருக்கிறது. இலங்கைக்காரங்க 1986-ல் தேசிய மரமா அறிவிச்சாங்க. கட்டை இரும்பு மாதிரி. ரயில் தண்டவாளத்துக்கு அடியில கட்டையாப் போட்டிருக்காங்க. தளிர் விடும்போது பாருங்க... ரத்தச் சிவப்புல தொடங்கி, ரோஸ் ஆகி, அப்புறம்தான் பச்சை. கொத்துக் கொத்தாத் துவண்டு தொங்கும். வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள் மகரந்தம், வாசனை வேற. ஒரே குறை, ரொம்ப மெதுவா வளரும். இதைக் குறைன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. அவசரமா வளர்ற மரம்தான் அவசரமா விழுது.

வீட்டோரம் கிணறோ, நிழலோ, ஈரமோ இருந்தா அசோகம். உடனே ‘அதான் தெருவுக்குத் தெரு நிக்குதே’ன்னு சொல்லாதீங்க. உயரமாக் கோபுரம் மாதிரி நிக்கிறது நெட்டிலிங்கம். காஷ்மீர் சினார் கதைதான் இங்கேயும். நிஜ அசோகத்துக்குத் தளிர் செம்பும் ஊதாவுமாத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். ஆரஞ்சுப் பூ தண்டுலயே கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். கோட்டாறு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில படிக்கிற யாராவது ஃப்ரெண்ட் இருந்தாக் கேளுங்க, அசோகாரிஷ்டம் பத்தி ஒரு கிளாஸே எடுப்பாங்க. மருந்துக்குப் பட்டை உரிச்சே காட்டுல இந்த மரம் குறைஞ்சுபோச்சு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட சிவப்புப் பட்டியல்ல அழிய வாய்ப்புள்ள இனமா இடம் பிடிச்சிருக்கு. வீட்டுக்கு ஒண்ணு நின்னா நல்லதுதானே.

மூணு சென்ட்காரங்களுக்கு? கறுவா. ஆமாம், பட்டை, கிராம்புன்னு சொல்றோமே அந்தப் பட்டை! கோட்டாறு பலசரக்குக் கடைகள்ல மூட்டையைத் திறந்தா மூக்குல ஏறுமே, அதோட செடியை எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? புதுத் தளிர் பளிச்சுன்னு சிவப்பு. வெட்ட வெட்ட அடியிலிருந்து கிளைக்கும் குணம், அதனால தலையைத் தட்டித் தட்டி ஆள் உயரத்துலயே வச்சுக்கலாம். ஒவ்வொரு தடவை வெட்டினாலும் திரும்பச் சிவக்கும். ஜப்பான் மேப்பிள் வருஷத்துக்கு ஒரு சீசன்தான் சிவக்கும். இது கத்திரி பிடிக்கத் தெரிஞ்சா கேட்கும்போதெல்லாம் சிவக்கும். ஆள் உயரச் செடியைச் சாய்க்க எந்தக் காத்துக்கும் வேலையில்லை. ரெண்டு மூணு வருஷத்துல பட்டையும் உரிக்கலாம், பிரியாணிக்கு ஆச்சு.

கிராம்புக்கும் இளந்தளிர் ரோஸ் நிறம்தான். ஆனா அது மாறாமலை மாதிரி மலையோரக் குளுமைக்குப் பழகினது. 2021-ல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ன்னு புவிசார் குறியீடே வாங்கிட்டது. கோட்டாறு வெயில்ல அதைக் கொண்டுவந்து கஷ்டப்படுத்த வேண்டாம்.

கன்னு எங்கே கிடைக்கும்? கன்னியாகுமரி போற வழியில திருவிதாங்கூர் காலத்து அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கு. பேச்சிப்பாறையில வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், கறுவா, ரம்புட்டான் மாதிரிப் பயிர்களுக்கு. எப்பவும் எல்லாமும் இருக்காது, கேட்டுட்டுப் போங்க. நாங்கு விதையா வாங்கினா புதுசாப் பொறுக்கினதாப் பார்த்து வாங்கணும். எண்ணெய்ப் பசையுள்ள விதை, நாள்பட்டா முளைக்காது. நமக்கு ரெண்டு மழையும் உண்டுங்கறதால வைகாசிக் கடைசியிலும் நடலாம், ஐப்பசியிலும் நடலாம். இன்டர்லாக் போட்டிருந்தா ஒன்பது கல்லை மட்டும் பெயர்த்தாக்கூடக் கறுவாவுக்கு இடம் ஆச்சு. நாங்குக்கு அது போதாது, சுவர்லருந்து பத்தடியாவது தள்ளி வையுங்க.

கடைசியா ஒரு ரகசியம். தளிர் சிவந்து நிக்கும்போது தனியார் நர்சரிக்குப் போகாதீங்க, ‘ஃபாரின் செடி தம்பி’ன்னு விலையை ஏத்திடுவாங்க. பச்சையா நிக்கும்போதே போங்க. நாங்கு இலையைத் திருப்பினா அடிப்பக்கம் வெள்ளை பூசின மாதிரி இருக்கும். கறுவா இலையில மூணு நரம்பு நீளவாக்குல ஓடும். ஓரத்துல கொஞ்சம் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்க. கோட்டாறு பலசரக்குக் கடை வாசனை வந்தா, பேரம் பேசாம வாங்கிடலாம்.