குரூப் போட்டோவில் அவர் இல்லை

கரிவலம்வந்தநல்லூரில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலில் நடந்த தையல் தொழில் பயிற்சிக்குப் போயிருந்தார் அந்தப் பெண். முடிவில் வழக்கம்போல, “எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ!” என்று அழைத்தார் பயிற்சி நடத்திய அம்மா. அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

“நான் வரலக்கா.”

“ஒரு போட்டோதானம்மா!” என்றது பக்கத்துக் குரல்.

முன்பும் அப்படி ஒரே ஒரு போட்டோதான். வேறு ஊரில் நடந்த கூட்டத்தில் எடுத்தது. யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க, பின்னால் இருந்த பேனரில் ஊர்ப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அடி தாங்காமல் விட்டு வந்த கணவன், மறு வாரமே வாசலில் நின்றான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி வீடு மாற வேண்டியதாயிற்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, கட்டாயமில்லாமல், விவரம் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் இடம் தருகிறது. நம் கூட்டங்களில் யார் கேட்கிறார்கள்? கையெழுத்து நோட்டு வருகிறது, டீ வருகிறது, போன் நீள்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கருத்தரங்குகள் சிலவற்றில், படம் வேண்டாதவர்களுக்குத் தனி நிறக் கழுத்துப்பட்டி உண்டு. இங்கே அதைப் பார்த்தே நாலு பேர் “ஏன்?” என்பார்கள். “முன் இரண்டு வரிசை மட்டும் படத்தில் வரும்” என்று காலையிலேயே சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அன்று அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. போனை அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப நீயே எடும்மா.”

படம் நன்றாகவே வந்திருந்தது.